இல்லை என்று எழுதிய கை

“பின்னேரம் மூண்டு மணிக்கு, அக்கா. புஸ்பராணியைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர ஒபிஸ் வாசல்ல விட்டால் காணும். நீ உள்ளுக்கு வரவேண்டாம்.”

கிருபன் கண்ணாடி பார்க்காமலே கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு சொன்னான். யோகராணி அடுப்பைத் தணித்தாள்.

“கேக்குதோ?”

“கேக்குது. வாசல்ல விட்டிட்டு நான் எங்க நிக்கிறது? வெளியில ஸ்நோ கொட்டுது.”

“கீழ தமிழ்க்கடை இருக்கு. மரக்கறி வாங்கு.”

“முருங்கைக்காய் பிஞ்சோ முத்தலோ எண்டு பாக்க எனக்கு ஒரு நிமிஷம் காணும். மிச்ச நேரம்?”

“அக்கா!”

மேசையில் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்த கிருபனின் மனைவி கௌசி தலை நிமிராமல் சிரித்தாள். “மச்சாளுக்கு இப்ப பதிலெல்லாம் சட்டப் புத்தகத்திலயிருந்துதான் வருது. வகுப்புக்குப் போக முதல் ‘ஓம்’ எண்ட ஒரு சொல்லோட இருந்தவ.”

சிரித்தாள்தான். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியின் மூடி அவள் கையில் பூட்டுப்படவில்லை.

புதிதாக இந்த வீட்டுக்குள் காலடி வைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் இந்த வீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் கிருபன்தான். ஒன்ராறியோ மாகாணத்தின் பரீட்சையில் தேறி, ஆயுள் காப்புறுதி விற்க அனுமதி பெற்றவன். அந்த அனுமதி இல்லாத எவரும் ஒரு வீட்டுக்குப் போய்க் காப்புறுதியை விளக்கவோ, விற்கவோ கூடாது என்பது மாகாணச் சட்டம்.

ஆனால் கிருபனுக்கு விற்க வரவில்லை. முதல் வீட்டிலேயே, “அண்ணை, நீங்கள் செத்தால்...” என்று தொடங்கினான். வீட்டுக்காரி கையில் கொண்டுவந்த தேத்தண்ணியோடு திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

பிறகுதான் அவனுடைய அக்கா யோகராணி போனாள். “ஒரு பேச்சுக்குச் சொல்லுறன், அவர் பக்கத்தில நிக்கேலாத ஒரு காலம் வந்தால்...” என்று அவள் தொடங்குவாள். செவ்வாய், வெள்ளியில் விண்ணப்பப் போமை வெளியே எடுக்கமாட்டாள். பெண்கள் அவளோடு குசினியில் இருந்து கதைத்தார்கள். ஆண்கள் எட்டி நின்று கேட்டார்கள். கேள்விகளை அவள் கேட்டாள், பதில்களை அவள் எழுதினாள். ‘இந்தக் கேள்விகளை நானே கேட்டேன்’ என்ற வரிக்குக் கீழே கிருபன் கையெழுத்து வைத்தான்.

லைசென்ஸ் இல்லாதவரோடு கமிசனைப் பகிரக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைக் கிருபன் மிகக் கவனமாகக் கடைப்பிடித்தான். அக்காவுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. வாடகை வாங்காமல் பேஸ்மென்ற் அறையைக் கொடுத்திருந்தான்.

பார்க்டேலில் இருந்த புஸ்பராணியின் புருஷன் குஞ்சித்தம்பிக்கும் அவள்தான் எழுதினாள். கோடையில் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும்போது மாரடைப்பில் அவர் போய்விட்டார். காப்புறுதி எடுத்து இரண்டு வருடம் நிறையவில்லை. அதற்குள் ஒருவர் இறந்தால், அவர் முன்பு சொன்ன பதில்களைக் கம்பனி திரும்பப் போய்ச் சரிபார்க்கலாம். பார்த்தது. ஊரில் ஒருமுறை மாரடைப்பு வந்ததென்று குஞ்சித்தம்பியே இங்கே ஒரு டொக்ரரிடம் சொல்லியிருந்தார். போமில் அந்தக் கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று இருந்தது. அதை விசாரிக்கத்தான் இன்று மூன்று மணிக்குக் கம்பனியிலிருந்து ஆள் வருகிறது.

“அவர் எனக்குச் சொன்னவர், கிருபன். ஒளிக்கேல்லை,” என்றாள் யோகராணி.

“இதை எத்தனை தரம் சொல்லுவாய்? சொன்னவர் எண்டால், இல்லை எண்டு ஏன் போட்டாய்?”

“ஊரில அந்த ஆஸ்பத்திரி எரிஞ்சு போச்சு, கையில ஒரு துண்டும் இல்லை எண்டவர். பேப்பர் இல்லாததை எழுதினால் கரைச்சல் எண்டு நான்தான் விட்டனான்.”

அந்தப் பிழை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது இருவருக்கும் தெரியும். அகதி விசாரணைக்குப் போன அன்று, மொழிபெயர்க்க வந்தவர் வாசலில் வைத்து அவளுக்குச் சொன்னார். “தங்கச்சி, கையில கடுதாசி இல்லாத ஒண்டையும் வாயால விடாதையும். காட்டச் சொன்னால் காட்டேலாது. பேந்து மிச்சம் முழுக்கப் பொய் எண்டுவினம்.” தகப்பன் சுடப்பட்டதைக்கூட, மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லாதபடியால், அவள் அன்று சொல்லவில்லை. வழக்கு வென்றது. அந்தப் பாடத்தோடுதான் அவள் குஞ்சித்தம்பியின் குசினி மேசையிலும் இருந்தாள்.

“சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?” கிருபனின் குரல் தணிந்தது. “கேள்வியை நான் கேக்கேல்லை, லைசென்ஸ் இல்லாத என்ர அக்கா கேட்டவ எண்டு போய்ச் சொல்லட்டோ? அதோட லைசென்ஸ் இல்லை. ஸ்ரௌவ்வில்லில வாங்கப்போற வீட்டுக்குக் குடுத்த முற்பணம் இல்லை. உன்ர சோதினையும் இல்லை.”

“என்ர சோதினையை விடு.”

“ஏன் விடுறது? வாற சனிக்கிழமை நீ பாஸ் பண்ணினால், அதுக்குப் பிறகு எல்லாம் சட்டப்படி. உன்ர பேரிலயே லைசென்ஸ். ஒரே ஒரு நாள், அக்கா. இண்டைக்கு மட்டும்.”

“புஸ்பராணி?”

“கட்டின காசைக் கம்பனி திருப்பிக் குடுக்குது. கையெழுத்து வைச்சால் கதை முடிஞ்சுது.”

“கட்டின காசு எங்க, வரவேண்டிய காசு எங்க, கிருபன்?”

அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கௌசி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். போகவில்லை.

“மச்சாள்.”

“சொல்லு.”

“நான் உங்களோட எவ்வளவோ கொழுவிச் சண்டை பிடிச்சிருக்கிறன். அதெல்லாம் உப்புக்கும் புளிக்கும் கொழுவினது. இது அப்பிடியில்லை.”

“தெரியும்.”

“அவருக்கு வேற தொழில் தெரியாது. ஃபக்ரரிக்குத் திரும்பிப் போனால் மனுசன் உடைஞ்சு போயிடுவார். இண்டைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருங்கோ. காலம் முழுக்க நான் உங்களைப் பாக்கிறன். சத்தியமா.”

யோகராணிக்குக் கோபம் வரவில்லை. இவள் காப்பாற்றப் பார்ப்பது வீட்டையல்ல, புருஷனை என்று தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“பஸ் வரப்போகுது, ஓடு,” என்றாள்.

*

வோர்டனில் ஏறிய சப்வே ரயிலில் இருக்கை கிடைத்தது. மேற்கே போகும் வண்டியில் அந்த நேரம் நெரிசல் இல்லை. யோகராணியின் மனதில் மட்டும்தான் நெரிசல்.

போன செவ்வாய்க்கிழமை இரவு, லைசென்ஸ் வகுப்பு. படிப்பிக்கும் கிளடிஸ் கயானாவிலிருந்து வந்தவர். சட்டத்தைக் கறிக்குச் சரக்குக் கூட்டுவதுபோலச் சொல்லித்தருவார்.

“கனடா முழுவதிலும் ஒரே லைசென்ஸ் செல்லும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் படிப்பது ஒன்ராறியோவின் சட்டம். வேறு மாகாணத்துக்குப் போனால் அந்த மாகாணத்தைக் கேட்கவேண்டும்.” இப்படித் தொடங்கி, நடுவில் வேறொன்று சொன்னார். “போம் நிரப்பியவர் விட்ட பிழையை, காப்புறுதி எடுத்தவரின் தலையில் கட்டச் சட்டம் விடாது. விற்க வருபவர், வாங்குபவருடைய ஆள் அல்ல. அதை மறக்காதீர்கள்.”

யோகராணி கையை உயர்த்தினாள். வகுப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“மிஸ், நிரப்பியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால்?”

“அப்போதும் அதேதான். வாங்கியவர் உண்மையைச் சொன்னாரா என்பதுதான் விஷயம்.” கிளடிஸ் சிரித்தார். “ஆனால் அதை யார் வந்து சொல்வது? வாங்கியவர் இறந்துவிட்டார். நிரப்பியவர் வாயைத் திறந்தால் தானே அகப்படுவார். திறப்பாரா?”

வகுப்பு முழுவதும் சிரித்தது.

“இது சோதனையில் வராது. எழுதத் தேவையில்லை.”

யோகராணி எழுதவில்லை. எழுதாமலே மனதில் நின்றுவிட்டது.

*

புஸ்பராணியின் அப்பாட்மென்ற் கதவு, தட்டுமுன்னே திறந்தது. வீட்டுக்குள் சூடு தகித்தது. அவள் ஜக்கெற்றோடு நின்றாள்.

“வாங்க அக்கா. நான் வெள்ளனயே வெளிக்கிட்டுத்தான் இரிக்கேன்.”

“இந்த வெக்கைக்குள்ள ஏன் உந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நிக்கிறீர்?”

“கழட்டினா மறுகா போக மனம் வராது கா.”

மகள் கோபிகா பள்ளிக்குப் போயிருந்தாள். குஞ்சித்தம்பியின் படம் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருந்தது. படத்துக்குப் பூ வைத்திருக்கவில்லை. யோகராணி அதைக் கவனித்தாள். கேட்கவில்லை.

“கையெழுத்து வைக்கிறதெண்டு முடிவெடுத்திட்டீரோ?”

“வைக்கத்தானே வேணும். இழுத்துப் போனா கட்டின காசும் வராது எண்டு கிருபன் தம்பி சொன்னாரு. ரெண்டு மாச வாடகை நிக்குது. நான் எங்க அக்கா போறது?” புஸ்பராணி மேசையைத் துடைத்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. “ஆனா அது இல்லக்கா எனக்கு. கோயில்ல ஒருத்தி கேக்கிறா, ‘உம்மட மனுசன் வருத்தத்த ஒளிச்சுப் போட்டுத்தான் இன்சூரன்ஸ் எடுத்தவராமே’ எண்டு. பிரசாதத்த வாங்கி வாயில வைச்சுக்கொண்டே கேக்கிறா!”

“ஆர் அது?”

“ஆரா இரிந்தா என்ன. நான் என்ன பதில் சொல்ல? இல்லையெண்டு சொல்லவும் வாய் வருதில்ல.”

“ஏன் வராது? அவர் ஒளிக்கேல்லை. உந்த மேசையில இருந்து எனக்குச் சொன்னவர். நெஞ்சில ஆரோ ஏறி இருந்தமாதிரி எண்டு, கையை வைச்சுக் காட்டினவர்.”

“அதான் எனக்கு விளங்குதில்ல.” புஸ்பராணி துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். “உங்களுக்கு ஒண்ணு சொல்லிப்போட்டு, ஒபிசில போய்த் தம்பிக்கு வேற ஒண்ணு சொல்லியிரிக்காரே.”

“என்ன சொன்னவர்?”

“தம்பி சொல்லல்லையா உங்களுக்கு? ‘நெஞ்சு வருத்தம் ஒண்ணும் இல்ல, அக்காக்குச் சும்மா பகிடிக்குச் சொன்னேன், இல்ல எண்டே போடுங்க’ எண்டு ஒபிசில வந்து சொன்னாராம். தம்பி போன கிழமை வந்து சொன்னாரு. ‘நீங்க கம்பனிக்காரங்களோட சண்டைக்குப் போகப்படாது எண்டுதான் இதச் சொல்றேன் அக்கா’ எண்டாரு.”

யோகராணி கதிரையில் இருந்தாள்.

குஞ்சித்தம்பி அந்த ஒபிசின் படியில் கால் வைத்ததில்லை. கையெழுத்தையும் இந்த மேசையில்தான் வைத்தார்.

“பகிடிக்கு நெஞ்சு வருத்தம் சொல்லுற மனுசனா அக்கா அவரு? பொய் சொன்னா முகத்தில தெரியும் அவருக்கு. கோபிகாட பிறந்தநாளுக்கு உடுப்பு வாங்கி ஒளிச்சு வைக்கவே தெரியாது. அப்பிடிப்பட்ட மனுசன் இதுல மட்டும் எப்பிடி...”

அந்த இடத்தில், ‘இல்லை’ என்று போட்டது நான்தான் என்று யோகராணி சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். வாய்வரை வந்தது. வாசலில் சப்பாத்தோடு நின்ற கௌசியும் கூடவே நினைவில் வந்தாள்.

“வாரும், புஸ்பராணி. நேரம் போகுது.”

சப்வேயில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். புஸ்பராணி ஒரு தரம்தான் கதைத்தாள்.

“ஏன் அக்கா அவரு அப்பிடிச் செய்தாரு?”

சத்தத்தில் கேட்காததுபோல யோகராணி எதிரே ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புஸ்பராணி இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

*

கிருபன் ஒபிஸ் படிக்கட்டின் அடியில் காத்துக்கொண்டு நின்றான்.

“சரி அக்கா. நீ போ. நான் கூட்டிக்கொண்டு போறன்.”

“நானும் மேல வாறன்.”

“காலமை என்ன சொன்னனான்?”

“எனக்குக் குளிருது.”

மேலே கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். கம்பனியின் விசாரணை அதிகாரி மக்டலீன். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. “மேலே வாருங்கள், அங்கே நின்று விறைக்கவேண்டாம்,” என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார். கிருபன் வழிவிட்டான்.

யோகராணி கதவோரத்துக் கதிரையில் இருந்தாள். “என் சகோதரி. வழிகாட்டிக் கூட்டிவந்தவர்,” என்றான் கிருபன். மக்டலீன் தலையசைத்தார்.

புஸ்பராணிக்கு ஆங்கிலம் ஓடாது. கிருபன்தான் மொழிபெயர்ப்பு.

“உங்கள் கணவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது நீங்கள் கூட இருந்தீர்களா?” மக்டலீன் கேட்டார். கிருபன் அதைத் தமிழில் சரியாகவே சொன்னான்.

“இரிந்தேன். எங்கட குசினியிலதான். அக்காதான் கேட்டா. நெஞ்சு வருத்தம் வந்தது எண்டு அவரு சொன்னாரு. அது என்ட காதால கேட்டது. ஒபிசில வந்து சொன்னது எனக்குத் தெரியாது.”

கிருபன் தொண்டையைச் செருமினான். ஆங்கிலத்தில் சொன்னான்: “இருந்தாராம். ஆனால் சமையல் வேலையில் நின்றதால் சரியாக நினைவில்லையாம்.”

மக்டலீன் எழுதப்போனவர் நிமிர்ந்தார். “அவர் சொன்னது இதைவிட நீளமாக இருந்ததே?”

“எங்கள் மொழி கொஞ்சம் நீளம், மேடம்.”

மக்டலீன் புன்னகைத்தார். யோகராணி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வலது கைதான் எழுதியது.

தாள் வெளியே வந்தது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், வேறு எந்த உரிமையும் கோருவதில்லை என்று மக்டலீன் விளக்கினார். அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. கிருபன்தான் அதைச் சுருக்கிச் சொன்னான். புஸ்பராணி பேனாவை எடுத்தாள். தாளில் வைக்கவில்லை.

“தம்பி, அவரு பொய் சொன்னாரு எண்டு இதுல எழுதியிரிக்கா?”

“அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. சும்மா ஒரு பேப்பர்.”

“என்ன கேட்கிறார்?” என்றார் மக்டலீன்.

“எந்த இடத்தில் கையெழுத்து என்று.”

“அவர் கேட்டது அதல்ல.”

ஆங்கிலத்தில் வந்த அந்தக் குரலுக்கு மூவரும் திரும்பினார்கள். யோகராணி எழுந்து நின்றாள். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்த காலத்தில் பழகிய ஆங்கிலம் அவளுடையது. அதில் சிறிய வசனங்கள் மட்டும்தான் உண்டு.

“தன் கணவர் பொய் சொன்னார் என்று இந்தத் தாளில் இருக்கிறதா? அதுதான் கேட்டார்.”

மக்டலீன் கண்ணாடியைக் கழற்றினார். கிருபனைப் பார்த்தார், பிறகு புஸ்பராணியை. “ஆம்,” என்றார் மெல்ல. “அந்தச் சொல் இல்லை. ஆனால் இதன் பொருள் அதுதான்.”

“வைக்காதையும், புஸ்பராணி,” என்றாள் யோகராணி.

“அக்கா, நீ கொஞ்சம் வெளியில...”

“நான் கேட்டேன்,” யோகராணி மக்டலீனிடம் சொன்னாள். “அவருடைய சமையலறையில். எல்லாக் கேள்வியும் நான் கேட்டேன். நெஞ்சு வருத்தம் வந்தது என்று அவர் சொன்னார். ‘இல்லை’ என்று நான் எழுதினேன்.”

“ஏன்?”

“அவரிடம் பேப்பர் இல்லை. அந்த ஆஸ்பத்திரி எரிந்துவிட்டது. பேப்பர் இல்லாததைச் சொன்னால் இந்த நாட்டில் பொய்யர் என்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.”

மக்டலீன் பேனாவை மூடினார்.

“உங்களுக்கு லைசென்ஸ் உண்டா?”

“அக்கா, வேண்டாம்.” கிருபனின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. “உன்ர காலைப் பிடிக்கிறன்.”

“இல்லை,” என்றாள் யோகராணி.

“இதை நான் எழுதினால் எங்கள் கம்பனியோடு நிற்காது. மாகாணத்துக்கும் போகும். உங்கள் சகோதரரையும் கேட்பார்கள். நீங்கள் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.”

“வக்கீலிடமும் இதைத்தான் சொல்லுவேன். எழுதுங்கள்.”

கிருபன் தமிழில் வெடித்தான். “என்னை முடிச்சிட்டாய்! சொந்தத் தம்பியை! போம் எழுதினது நீ, பிழை விட்டது நீ, தலை போறது எனக்கு!”

“என்ர பிழையை நான் சொல்லிப்போட்டன். உன்ர பிழை என்ன எண்டு சொல்லட்டோ?” யோகராணி குரலை உயர்த்தவில்லை. “அந்த மனுசனுக்கு நீயும் வாய்க்கரிசி போட்டனி. நான் பக்கத்தில நிண்டனான். அந்தக் கையால அவரின்ர வாயில ஒரு பொய்யையும் போட்டியே, கிருபன். ஒபிசுக்கு வந்து சொன்னவராம். பகிடிக்குச் சொன்னவராம்.”

கிருபன் யன்னல் பக்கம் திரும்பினான். கீழே பனியில் ஒரு கார் கிளம்ப முடியாமல் சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

ஆங்கிலம் விளங்காவிட்டாலும் இந்தத் தமிழ் புஸ்பராணிக்கு விளங்கியது. பேனாவை மேசையில் வைத்தாள்.

“அப்ப, அவரு ஒபிசுக்கு வரல்லையா?”

“வரேல்லை.”

“இல்ல எண்டு எழுதினது?”

“நான்தான்.”

யோகராணி நன்றியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்ததையும் எதிர்பார்க்கவில்லை.

“சப்வேயில கேட்டேனே அக்கா. காது கேக்காதமாதிரி இரிந்தீங்களே.” புஸ்பராணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “ஒரு கிழமையா அவர ஏசுறேன் நான். படத்துக்கு முன்னால நிண்டு ஏசினேன். பூ வைக்கிறத நிப்பாட்டினேன். செத்துப்போன மனுசன அக்கா!”

புஸ்பராணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று யோகராணிக்குத் தெரிந்தது. கையை நீட்டாமலே நின்றாள்.

மக்டலீன் அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். “இன்று யாரும் எதிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமுடியாது. அதைத் தீர்மானிப்பது நானல்ல. ஆனால் இனிமேல் இது வேறு வழக்கு என்று அவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லுங்கள்,” என்றார் யோகராணியைப் பார்த்து.

யோகராணி சொன்னாள். புஸ்பராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

பேனா மறுபடி திறந்தது.

“இன்னொரு கேள்வி. இதேபோல நீங்கள் போய்க் கேட்டு எழுதிய வேறு வீடுகள் உண்டா?”

கேள்வி யோகராணிக்கு விளங்கியது. இருந்தும் கிருபன் ஓடிவந்து தமிழில் சொன்னான், இந்த முறை தாழ்ந்த குரலில். “வேற வீடுகள் இருக்கோ எண்டு கேக்கிறா. அக்கா, எல்லாரும் உயிரோட இருக்கினம். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை. இல்லை எண்டு சொல்லு.”

யோகராணியின் கண்முன் குசினிகள் வந்தன. நீரிழிவுக்கு ஊர்ப் பரியாரியின் மருந்து எடுத்ததை மறைக்காமல் சொன்னவர். பேப்பர் இல்லை என்று அவள்தான் அதை எழுதாமல் விட்டாள். தடுப்பு முகாமில் அடிபட்டு ஒரு சிறுநீரகம் போனவர். அவருக்கு எந்த முகாம் கடுதாசி கொடுக்கும்? பிள்ளைக்கு மூச்சிழுப்பு என்று சொன்ன தாய். எல்லோரும் நம்பிக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது சொன்னால் திருத்தமுடியுமா, அல்லது எல்லாவற்றையும் கம்பனி வெட்டிவிடுமா? உயிரோடு இருப்பவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கிளடிஸ் இன்னும் படிப்பிக்கவில்லை.

கதவோரத்துக் கதிரையை இழுத்துவந்து மேசைக்கு முன்னால் போட்டு இருந்தாள்.

“உண்டு,” என்றாள். “ஆனால் உங்களுக்குச் சொல்லமுன் அவர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்களுடைய வீடு. அவர்களுக்குத்தான் முதலில் தெரியவேண்டும்.”

மக்டலீன் தன் பையை மூடினார். “திங்கட்கிழமை காலை என் மேசையில் இருப்பேன்,” என்று மட்டும் சொன்னார்.

கிருபன் சிரித்தான். சிரிப்பு அழுகைபோல வந்தது.

“வீடு வீடாப் போய்ச் சொல்லப் போறியோ? நீ எழுதின முதல் போம் ஆரின்ர எண்டு ஞாபகம் இருக்கோ, அக்கா? கௌசியின்ர அப்பாவின்ர.”

“ஞாபகம் இருக்கு.”

“அந்த வீட்டுப் படலையை எப்பிடித் திறப்பாய்?”

யோகராணி கம்பளித் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டாள்.

“கௌசி வேலையால வர முதல் அங்க போகவேணும்,” என்றாள். “கார்ச் சாவியைத் தாறியோ, நான் பஸ்ஸில போகட்டோ?”